ஒரு பகல் தீவு

சனிக்கிழமை காலை ஒன்பதரை தாண்டினால் பேத்துப்பாறைப் பாதையில் வண்டிச் சத்தம் கூடிவிடும். மதுரை, கோவை, பெங்களூரு, எர்ணாகுளம் என்று நாலா ஊர்ப் பதிவெண்களோடு கார்கள் வளைவு வளைவாக இறங்கும். முந்தைய இரவு ஏரிக்கரைக் கடையில் வாங்கிய ஸ்வெட்டர் இங்கே வந்ததும் இடுப்புக்கு இறங்கிவிடும். கொடைக்கானலைவிடத் தாழ்ந்த இடம், வெயில் கொஞ்சம் உறைக்கும். வண்டி நிற்பதற்கு முன்பே டிரைவர் சொல்லும் முதல் வாக்கியம் ஊரைப் பற்றியதாக இருக்காது, நேரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். "நாலு மணிக்கு இங்கயே வந்துடுங்க. இருட்டறதுக்குள்ள மேல ஏறிடணும்."

பூமியின் மறுபக்கத்தில், கரீபியன் கடலில் இருக்கும் டொமினிக்கா என்ற தீவிலும் ஏறக்குறைய இதே காட்சிதான். தலைநகர் ரோசோவின் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு மாடிக் கப்பல் ஒன்று காலையில் வந்து நிற்கும். ஆயிரக்கணக்கானோர் இறங்குவார்கள். வரிசையில் காத்திருக்கும் வேன்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் டிராஃபல்கர் அருவிக்குப் போகும். அங்கேயும் டிரைவர் முதலில் சொல்வது திரும்பும் நேரத்தை. சாயங்காலம் கப்பல் ஊதும், போய்விடும். மறுநாள் காலை வேறொரு கப்பல் வரும்.

டொமினிக்காவின் பரப்பு 750 சதுர கிலோமீட்டர். பழனி மலைத்தொடரின் பரப்பு 2,068 சதுர கிலோமீட்டர். அதாவது இரண்டு டொமினிக்காக்களைக் கூறு போடாமல் உள்ளே வைக்கலாம். அங்கே மிக உயர்ந்த சிகரம் 1,447 மீட்டர், கொடைக்கானல் நகரமே 2,100 மீட்டருக்கு மேல் நிற்கிறது. ஒன்றைச் சுற்றிக் கடல், மற்றதைச் சுற்றிச் சமவெளி. இரண்டையும் 'வெப்பமண்டலத் தீவு' என்று ஒரே பெயரில் அழைப்பது கவிஞர் கற்பனை மாதிரி தோன்றும். ஆனால் அப்படி அழைப்பவர்கள் உயிரியல் ஆய்வாளர்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளை அவர்கள் 'வான் தீவுகள்' என்கிறார்கள். குளிர்ந்த மேட்டுநிலத்தில் மட்டுமே வாழத் தெரிந்த உயிருக்குக் கீழே இருக்கும் சூடான சமவெளி கடலுக்குச் சமம். சோலைக்காட்டின் குட்டிப் பறவை ஒன்று பழனி மலையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி நீலகிரிக்குப் போக முடியாது. போக முடியாததால் பல லட்சம் ஆண்டுகளில் அங்கே ஒரு இனமும் இங்கே ஒரு இனமுமாகப் பிரிந்துவிட்டது. சோலைக்கிளியில் நீலகிரிக்கு ஒன்று, பழனிக்கு ஒன்று. சிரிப்பான் குருவியிலும் அப்படியே. பழனி மலைச் சிரிப்பானின் அறிவியல் பெயரில் 'ஃபேர்பாங்க்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்கப் பாதிரியார் சாமுவேல் ஃபேர்பாங்கின் பெயர் அது. காலாபகஸ் தீவின் குருவிகளைப் பாடப்புத்தகத்தில் படித்த நம் பிள்ளைகளுக்கு, தாங்கள் சுற்றுலா வந்த இடத்திலேயே அதே கதை ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு நேரமும் இல்லை, நாலு மணிக்கு வண்டியடிக்கு வந்தாக வேண்டும்.

இந்த மலைத்தீவுக்கு வந்த வெள்ளைக்காரர்களின் கதையும் ஒரு கடற்பயணத்தில்தான் தொடங்குகிறது. 1821இல் பி.எஸ். வார்டு என்ற அளவையாளர் ஏறி வந்து மலையை அளந்தார். அமெரிக்கப் பாதிரிமார்கள் வந்த வழி வேறு. அவர்கள் முதலில் காலூன்றிய இடம் யாழ்ப்பாணம். 1834இல் அங்கிருந்து பாக்குநீரிணையைக் கடந்து மதுரைக்கு வந்தார்கள். வெயிலும் காய்ச்சலும் காலராவும் குடும்பம் குடும்பமாக அவர்களைத் தின்றன. குளிர்ந்த இடம் தேடிச் சிறுமலைக்குப் போனார்கள், அது போதவில்லை. 1845இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் எழும்பின. 'சன்னிசைட்', 'ஷெல்ட்டன்' என்று அவற்றுக்குப் பெயர். ஊரின் பிறந்த தேதியாக இன்றும் அந்த ஆண்டைத்தான் குறிக்கிறார்கள். பளியர்களும் மன்னவனூர், பூம்பாறை விவசாயிகளும் அதற்கு முன்பே பல தலைமுறையாக அங்கே இருந்தார்கள் என்பது வேறு விஷயம். ஊர்களின் பிறப்புச் சான்றிதழ்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியாக வந்தவர்கள்.

யாழ்ப்பாணத்தோடு இருந்த உறவு அதோடு அறுந்துபோகவில்லை. கொடைக்கானலில் கூட்டம் அலைமோதும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் கட்டியவர் லீலாவதி ராமநாதன். ஆஸ்திரேலியாவில் பிறந்து இந்துவாக மாறி, இலங்கைத் தமிழர் தலைவர் சர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்தவர். கோயிலின் பின்புறம் நின்றால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் பழனி தெரியும். செல்ஃபி எடுப்பதற்கு வசதியான இடம் என்பதால் அங்கே எப்போதும் வரிசை.

அன்று மலை ஏறியவர்கள் மாதக்கணக்கில் தங்குவதற்காக ஏறினார்கள். ஆள் தூக்கிய நாற்காலியில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தவர் ஒரே நாளில் திரும்புவாரா? 1914ஐ ஒட்டி மோட்டார் போகும் காட் ரோடு வந்தபிறகு மாதம் வாரமாயிற்று. சொந்தக் கார் பெருகியபிறகு வாரம் இரண்டு ராத்திரியாயிற்று. இப்போது வத்தலக்குண்டில் விடியற்காலை காபி குடித்துவிட்டு மலையேறி, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறவர்களும் நிறைய. சாலை நன்றாக ஆக ஆக, ஊரில் ஒருவர் தங்கும் நேரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

அப்படி வருகிறவர்களுக்கு ஏற்றபடிதான் கொடைக்கானலின் சுற்றுப்பட்டியல் தயாராகியிருக்கிறது. முதல் நாள் ஏரி, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா. பிறகு பன்னிரண்டு மைல் சுற்று: மோயர் பாயின்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை. இரண்டாம் நாளுக்கு 'வில்லேஜ் டூர்' என்று ஒன்று உண்டு. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் ஒரு வட்டம். கூட்டம் பிடிக்காதவர்கள், 'யாரும் போகாத இடமா சொல்லுங்க' என்று கேட்பவர்கள், அவர்களுக்காக வைத்திருப்பது பேத்துப்பாறை. யாரும் போகாத இடத்தைக் கேட்பவர்கள் தொகை கூடிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதைச் சனிக்கிழமை அந்தப் பாதையில் ரிவர்ஸ் எடுக்கிற டிரைவர்களைக் கேட்டால் தெரியும்.

இந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை. கொடைக்கானலில் 'இயற்கை' என்று நாம் காசு கொடுத்துப் பார்ப்பவற்றில் முக்கியமான பலவும் மனிதர்கள் செய்து வைத்தவை. ஏரி 1863இல் சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து வெட்டியது. பைன் காடு 1906இல் பிரையண்ட் என்பவர் நட்டுத் தொடங்கியது. அதன் அடியில் புல்கூடச் சரியாக முளைக்காது. அதற்கு முன்பு இந்த மேடுகளில் இருந்தது புல்வெளியும், பள்ளங்களில் ஒதுங்கிய சோலைக்காடும்தான். 1973இல் பழனி மலையில் சுமார் 373 சதுர கிலோமீட்டர் புல்வெளி இருந்ததாகவும், 2014இல் அது சுமார் 124 ஆகச் சுருங்கிவிட்டதாகவும் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. வாட்டில், யூகலிப்டஸ், பைன் ஆகிய வெளிநாட்டு மரங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்தன. மூன்றில் இரண்டு பங்கு போனபிறகும் படத்தில் எல்லாம் பச்சையாகத்தான் தெரிகிறது. ஒரு பகலுக்கு வருகிறவர் கண்ணுக்கு எது போயிற்று என்று தெரிய வழியில்லை.

கரீபியன் கப்பல் கம்பெனிகள் இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. தீவைத் தேடிப் போவதை விட்டுவிட்டுத் தீவையே தயாரிக்கிறார்கள். பஹாமாஸில் 'லிட்டில் ஸ்டிரப் கே' என்று ஒரு சிறு தீவு. ராயல் கரீபியன் நிறுவனம் அதற்குக் 'கோகோகே' என்று பெயர் மாற்றி, 25 கோடி டாலர் செலவழித்து 2019இல் நீர்ச்சறுக்கும் பலூனும் பெரிய நீச்சல் குளமுமாகத் திறந்துவைத்தது. அங்கே ஊர் கிடையாது. ஊர்க்காரர், சந்தை, கோயில், பள்ளிக்கூடம், நாய் எதுவும் இல்லை. கப்பலில் கொடுத்த அட்டையே தீவிலும் காசு. ஒரே நேரத்தில் 7,600 பயணிகள் வரை ஏற்றும் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பல் 2024இலிருந்து அங்கே வந்து நிற்கிறது. பயணி செலவழிக்கிற ஒவ்வொரு டாலரும் எந்தச் சட்டைப் பைக்குப் போகும் என்று யோசிக்கவே வேண்டாம்.

ஹெய்ட்டியின் லபாடி இதற்கு முந்தைய மாதிரி. 1980களின் நடுவிலிருந்து அந்தக் கடற்கரையைக் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டு வைத்திருக்கிறது அதே நிறுவனம். ஆரம்ப காலத்தில் விளம்பரங்களில் ஹெய்ட்டி என்ற நாட்டின் பெயரைத் தவிர்த்து 'ஹிஸ்பானியோலா' என்று பெரிய தீவின் பழைய பெயரைப் போட்டார்கள். 2010 ஜனவரி 12 அன்று பூகம்பம் அந்த நாட்டைச் சிதைத்தது. மூன்று நாள் கழித்து உல்லாசக் கப்பல் ஒன்று வழக்கம்போல லபாடியில் வந்து நின்றது. நிவாரணப் பொருள்களும் அதில் வந்தன என்பது உண்மை. வேலிக்கு உள்ளே வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்களின் படம் உலகம் முழுக்கச் சர்ச்சையானதும் உண்மை.

பேத்துப்பாறைக்கு வேலி இல்லை. பிழைத்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு பகல் சுற்றுலாவின் கணக்கு எங்கும் ஒன்றுதான்.

காலை பத்து முதல் மாலை நாலு வரை ஆறு மணி நேரம். போக வர ஒன்றரை மணி நேரம் பாதையில் போகும். அருவிக்கு ஒன்றரை மணி. சாப்பாட்டுக்கு ஒரு மணி, அதுவும் பெரும்பாலும் கொடைக்கானல் ஓட்டலிலேயே பொட்டலம் கட்டி வாங்கியதாக இருக்கும். படம் எடுப்பதற்கு மீதி. இதில் ஊர்க்காரரிடம் பேசுவதற்கு ஒதுங்குவது டீக்கடைப் பெஞ்சில் பத்து நிமிஷம். பயணி கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ராத்தங்கலுக்கும் வண்டிக்கும் போய்விடும், கமிஷன் நடுவில் நிற்கும். கிராமத்துக்கு வருவது டீக்கும் பழத்துக்கும் ஜீப்புக்கும் கொடுப்பதுதான். சொகுசுக் கப்பலிலும் இதே வரிசை. கரைச்சுற்றுலாவைக் கப்பலிலேயே விற்பார்கள். அதில் வாங்கினால் வேன் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தானாக இறங்கி ஊருக்குள் போய் வண்டி பேசிக்கொண்டவருக்காகக் காத்திருக்காது. கடைசி நிமிஷத்தில் துறைமுகத்தில் மூட்டையும் செருப்புமாக ஓடுகிறவர்களை மேல்தளத்திலிருந்து கைதட்டிப் படம் பிடித்து யூடியூபில் போடுவது கரீபியனில் ஒரு தனிப் பொழுதுபோக்கு. அந்தப் பயம் இருக்கிறவரை பயணி ஊருக்குள் தனியாகப் போகமாட்டார் என்பது விற்கிறவர்களுக்குத் தெரியும்.

கொடைக்கானலிலேயே இதைவிடக் கறாரான ஒரு 'தீவு' உண்டு. பேரிஜம் ஏரி. வனத்துறை அனுமதிச்சீட்டு வேண்டும், வண்டிகளுக்கு எண்ணிக்கை உண்டு, உள்ளே போகவும் வெளியே வரவும் நேரம் உண்டு, யானைகள் வந்துவிட்டால் அன்றைக்குக் கதவு சாத்திவிடும். அங்கே போய்வந்தவர்கள் கட்டுப்பாட்டைத் திட்டிக்கொண்டே, இத்தனை சுத்தமான இடத்தைப் பார்த்ததில்லை என்றும் சொல்வார்கள்.

சரி, பேத்துப்பாறையில் பார்க்க என்னதான் இருக்கிறது?

முதலில் அஞ்சுவீடு அருவி. பெரும்பாலான வண்டிகள் தேடி வருவது அதைத்தான். படத்தில் பார்த்தால் சாதுவான அருவி. பாறை வழுக்கும், கீழே தேங்கிய நீரின் ஆழம் மேலிருந்து தெரியாது, மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குச் சொல்லிவிட்டு வராது. குளிக்க இறங்கிய வெளியூர் இளைஞர்களைத் தீயணைப்புத் துறையினர் சடலமாக மீட்ட செய்தி நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் எந்தப் பாறையில் கால் வைக்கலாம், எந்தப் பாறையில் கூடாது என்று அறிந்தவர்கள். அவர்களிடம் கேட்கத்தான் அந்தப் பத்து நிமிஷ டீக்கடைப் பேச்சு இருக்கிறது. அதில் கேட்கப்படுவது என்னவோ, 'அண்ணே, இங்க டவர் கிடைக்குமா?'

இரண்டாவது, குள்ளர் குகை. பெயரைக் கேட்டு உள்ளே ஏதோ சுரங்கம் என்று நினைத்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். செங்குத்தாக நிறுத்திய பலகைக்கற்கள், மேலே மூடியாக ஒரு பெரிய கல், ஒருவர் குனிந்து நுழையும் அளவு இடம். இவ்வளவு சின்ன வீட்டில் குள்ளர்கள்தான் வாழ்ந்திருக்க முடியும் என்று ஊர் சொல்லிக்கொண்டது. தொல்லியலாளர்கள் இவற்றைக் கல்திட்டை என்பார்கள். இறந்தவர்களுக்காகப் பெருங்கற்கால மக்கள் எழுப்பிய நினைவிடங்கள். பழனி மலையில் தாண்டிக்குடி உட்படப் பல இடங்களில் இவை சிதறிக் கிடக்கின்றன. செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் ஆங்லேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து இவற்றைத் தேடித்தேடி அளந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அப்போதே பல திட்டைகள் கலைந்திருந்தன. தோட்டம் போடக் கல் எடுத்தவர்கள், புதையல் தேடியவர்கள் என்று ஆளுக்கொரு கை. இன்றைக்கு ஆபத்து வேறு மாதிரி. மூடிக்கல்லின் மேல் நாலு பேர் ஏறி நின்றால் படம் நன்றாக வருகிறதாம்.

மூன்றாவதை யாரும் 'ஸ்பாட்' என்று சொல்வதில்லை. தோட்டங்கள். காபி, வாழை, மிளகு, பட்டர் ஃப்ரூட், சவ்சவ் பந்தல். கரீபியனுக்கும் இந்தச் சரிவுக்கும் உண்மையான உறவு இங்கேதான் இருக்கிறது. பட்டர் ஃப்ரூட்டும் சவ்சவ்வும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து கிளம்பியவை. நாம் கூட்டு வைக்கும் அதே சவ்சவ்வை மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் 'கிறிஸ்தோஃபின்' என்று சொல்லிப் பாலாடைக்கட்டி தூவி வாட்டித் தருகிறார்கள். காபி எதிர்த் திசையில் போனது. 1720களில் தெ கிளியு என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஒரு காபிச் செடியைக் கப்பலில் மார்ட்டினிக்குக் கொண்டுபோனார். வழியில் தண்ணீர் தட்டுப்பாடு வந்ததாம், தன் பங்குத் தண்ணீரைச் செடியோடு பகிர்ந்துகொண்டதாக அவரே எழுதிவைத்தார். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம், காபி பிரியர்கள் மன்னித்துவிடுவார்கள். வண்டியை நிறுத்தி ஒரு தோட்டக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தச் சரிவில் நாலு கண்டங்களைப் பார்க்கலாம்.

செடி மட்டும் போகவில்லை, ஆட்களும் போனார்கள். 1853 மே 6 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களோடு மார்ட்டினிக் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கு ஆட்களைக் கொண்டுசென்றது. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து ஏற்றினார்கள். 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள், பெரும்பாலோர் தமிழர். மொழி போய்விட்டது, மாரியம்மன் 'மாலியேமன்' ஆகித் தங்கிவிட்டாள். டொமினிக்காவுக்குப் பக்கத்துத் தீவு குவாதலூப். இன்று சொகுசுக் கப்பலில் வந்து குவாதலூப்பில் இறங்கிக் கார்பே அருவிக்குப் போகிறவர்கள் காபெஸ்டர் என்ற ஊர்ப்பக்கம் போவார்கள். அந்த வட்டாரத்தில், ஷான்ஜியில், வண்ணம் பூசிய சிலைகளோடு ஒரு கோயில் சாலையோரம் நிற்கிறது. வழிகாட்டி 'இந்துக் கோயில்' என்று ஒரு வாக்கியம் சொல்வார். வேன் மெதுவாகும், படம் எடுப்பார்கள், வேன் நகரும். பரங்கிப்பேட்டையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ போன ஒரு குடும்பத்தின் நூற்றெழுபது ஆண்டு அந்த ஜன்னலில் இருபது நொடி தெரியும்.

நம் கடலுக்கும் இந்த மாதிரிக் கப்பல் வந்துவிட்டது. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துக் கிளப்பிய 'எம்பிரஸ்' கப்பலின் ஜாதகம் சுவாரசியமானது. 1990இல் பிரான்சில் செய்யப்பட்ட அந்தக் கப்பலின் முதல் பெயர் 'நார்டிக் எம்பிரஸ்'. மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று ராத்திரி, நாலு ராத்திரிப் பயணம் போய்வருவதுதான் அதன் முதல் வேலை. அதாவது கரீபியன் பக்கத்து ஒரு பகல் தீவுகளுக்காகவே பிறந்த கப்பல். முப்பது வருஷம் உழைத்துக் களைத்தபின் கைமாறி, கார்டிலியா நிறுவனத்தின் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. அந்த ஜூனில் புதுச்சேரி அருகே வந்தும் பயணிகளைக் கரையிறக்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் இருக்கும் சூதாட்டக் கூடம் அங்கே அரசியல் சர்ச்சையாகியிருந்தது. கடற்கரையில் நின்று புதுச்சேரிக்காரர்கள் கப்பலைப் பார்த்தார்கள், கப்பலில் நின்று பயணிகள் புதுச்சேரியைப் பார்த்தார்கள்.

மறு ஆண்டு, 2023 ஜூனில், அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. காங்கேசன்துறையில் இறங்கியவர்களுக்கு ஒரு பகல் இருந்தது. அங்கிருந்து யாழ்ப்பாண நகரம் இருபது கிலோமீட்டருக்குள், கொடைக்கானலுக்கும் பேத்துப்பாறைக்கும் இருக்கிற தூரம்தான். நல்லூர்க் கோயில், டச்சுக் கோட்டை, 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகம், ஐஸ்கிரீம் கடை. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கீரிமலைக் கேணி. நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போக அந்தப் பகல் போதாது, குறிகட்டுவானுக்குப் போய்ப் படகு பிடிக்க வேண்டும். தீவுக்குப் போனவர்கள் தீவின் தீவுகளைப் பார்க்காமல் திரும்பினார்கள். 97,000 புத்தகங்கள் சாம்பலான நூலகத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைச் சுற்றுலா அட்டவணை தீர்மானிக்கிறபோது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். ஆனாலும் அரை மணி நேரமாவது நின்றார்களே என்றும் சொல்லலாம். 2024 ஆகஸ்டிலிருந்து நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் படகு சுமார் நாலு மணி நேரத்தில் கொண்டுசேர்க்கிறது. அதில் போகிறவருக்குத் திரும்பும் நாளைத் தானே முடிவு செய்துகொள்ளும் வசதி இருக்கிறது.

கூட்டம் தாங்காமல் எல்லா ஊரும் கதவைக் கொஞ்சம் சாத்தப் பார்க்கிறது. வெனிஸ் 2021 ஆகஸ்டில் பெரிய கப்பல்களை நகரத்தை ஒட்டிய கால்வாயிலிருந்து விலக்கியது. கிரேக்கத்தின் சான்டோரினி நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்தது. மெக்சிகோ கப்பல் பயணி ஒருவருக்கு 42 டாலர் வரி என்று அறிவித்தது, கப்பல் கம்பெனிகள் வேறு துறைமுகம் பார்த்துக்கொள்வோம் என்ற தொனியில் பேசியபின் 5 டாலருக்கு இறங்கிவந்தது. கப்பலுக்குத் திசைமாற்றும் சக்கரம் இருக்கிறது, தீவுக்கு இல்லை. பேரத்தில் யார் கை ஓங்கும் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

கொடைக்கானல் விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2024 பிப்ரவரியில் வெளியான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் குணா குகைக்குக் கூட்டத்தைக் கிளப்பிவிட்ட சமயம். அந்த ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கை வரம்பும் வந்தது: வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் சனிக்கிழமை ஒன்றில் 24,000 பேர். 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரியும் உண்டு. வியாபாரிகள் கடை அடைத்துப் போராடினார்கள். அவர்கள் கவலை பொய்யில்லை, ஏப்ரல் மே சீசனில் சம்பாதிப்பதை வைத்து மீதி வருஷத்தை ஓட்டுகிறவர்கள் அதிகம். ஆனால் நகரத்துக்கு வரும் வண்டிகளைத்தான் எண்ணுகிறார்கள். நகரத்திலிருந்து பேத்துப்பாறை மாதிரிக் கிராமங்களுக்கு எத்தனை இறங்குகின்றன என்பதற்குச் சாவடி கிடையாது. மேலே நெரிசல் என்று கூகுள் வரைபடம் சிவப்புக் காட்டினால் கூட்டம் கீழே வழியும்.

இதற்கிடையில் பேத்துப்பாறைப் பக்கம் தங்கும் விடுதிகள் முளைத்தன. முக்கோணக் கூரை மரவீடு, தோட்டத்துக்கு நடுவே கூடாரம், ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. ராத்தங்கல் கிராமத்துக்கே வந்தால் காசும் இங்கே தங்கும் அல்லவா என்று கேட்கலாம். சமையலுக்கும் துப்புரவுக்கும் உள்ளூரில் சிலருக்கு வேலை கிடைப்பது நல்லதுதான். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. தோட்டம் விடுதியாக மாறும்போது காபியும் வாழையும் இருந்த இடத்தில் வேலி வருகிறது, ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது. அந்த வழியாக வெகுகாலமாக நடந்து போய்க்கொண்டிருந்தவற்றுக்கு இந்த மாற்றத்தை யாரும் தெரிவிக்கவில்லை.

யானைகளைப் பற்றித்தான் பேச்சு. 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 608 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. அதன் எல்லைக்கோடு வனத்துறை வரைபடத்தில் இருக்கிறது. பேத்துப்பாறை, அஞ்சுவீடு வட்டாரத்தில் காட்டு யானைகள் தோட்டங்களில் இறங்கி வாழையைச் சாய்ப்பதும், வேலியைப் பிடுங்குவதும், விவசாயிகள் வனத்துறையிடம் முறையிடுவதும் வருஷா வருஷம் நடக்கும். யானை வந்தது என்று தெரிந்தால் பயணி ஆர்வத்தோடு, 'எந்தப் பக்கம்?' என்று கேட்பார். தோட்டக்காரரும் அதையேதான் கேட்பார், குரல்தான் வேறு.

நாலரைக்கு டிரைவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்குவார்கள். அருவிப் பாதையிலிருந்து ஈரத்தலையோடு கடைசிக் கூட்டம் வரும். ஒரு குழந்தைக்குச் செருப்பு ஒன்று போயிருக்கும். பட்டர் ஃப்ரூட் கிலோ என்ன விலை என்று கேட்டு, அதிகம் என்று சொல்லி, பிறகு ரெண்டு கிலோ வாங்குவார்கள். கதவுகள் சாத்தப்படும். அதே நாளில் பத்து மணி நேரம் கழித்து ரோசோவின் கடற்கரைச் சாலையில் மசாலாவும் பனையோலைத் தொப்பியும் விற்ற பெண்கள் மேசைகளை மடக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆறரைக்குப் பேத்துப்பாறையில் இருட்டு முழுசாக இறங்கிவிடும். டீக்கடை பாய்லர் அணைந்துவிடும். பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் மம்பட்டியைக் கழுவி வைத்துவிட்டு டார்ச் லைட்டில் புது பேட்டரி போடுவார்கள். வெடி இருக்கிறதா என்று வீட்டுக்காரம்மா ஒரு தடவை பார்த்துக்கொள்வார். மேலே மலை வளைவுகளில் கடைசி வண்டிகளின் சிவப்பு விளக்கு ஒன்றிரண்டு தெரியும். கீழே வாழைத்தோட்டத்துப் பக்கம் நாய் குரைக்க ஆரம்பிக்கும். ஒரு நாய், அப்புறம் அடுத்த தோட்டத்து நாய். பேச்சை நிறுத்திவிட்டு, எந்தத் திசையிலிருந்து கிளை முறிகிற சத்தம் வருகிறது என்று எல்லோரும் காது கொடுப்பார்கள்.